'மூல சியாங்கிக்' என்று ஒரு மொழி இருந்ததா?

சொல்லேர்: சீனாவின் மேற்குச் சிச்சுவான் மலைகளில் பேசும் சியாங், பிரின்மி, கியால்ரோங், எர்சு, நமுயி என்று பத்துப் பன்னிரண்டு மொழிகளை 'சியாங்கிக்' என்ற ஒரே கிளையில் கட்டிவைத்தவர் சீன மொழியியலாளர் சுன் ஹொங்காய். பெரிய ஆதாரம், வினைக்கு முன்னால் ஒட்டும் திசை முன்னொட்டு. மேலே, கீழே, ஆறு வரும் பக்கம், ஆறு போகும் பக்கம் என்று தனித்தனியாக உண்டு. பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? என்னைக் கேட்டால் இவையெல்லாம் கிளைத்த மூல மொழி என்று சொல்லப்படுவது யாருமே பேசாத மொழி. 1882-ல் பாரிசில் தயென்சா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழிக்கு இலக்கணமே அச்சிட்டார்கள். மூன்றே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் பிரின்டன் அது புனைவு என்று போட்டு உடைத்தார்.

குறிஞ்சி: தயென்சாவை இங்கே இழுக்காதீர்கள் ஐயா. அது மோசடி, இது கருதுகோள். அப்புறம், ஒத்துப்போவது கருத்து மட்டும் இல்லை, ஒலியும்தான். 'மேலே' என்பதற்கு வடக்குச் சியாங்கில் 'த', பிரின்மியில் 'த', ஜபுக் கியால்ரோங்கிலும் 'த' (உயிரொலி கொஞ்சம் மாறும்).

சொல்லேர்: 'கீழே'யை ஏன் விட்டுவிட்டீர்கள்? வடக்குச் சியாங்கில் 'ஹ', பிரின்மியில் 'ந', ஜபுக்கில் 'ப'. வடக்குச் சியாங்கிலும் 'ந' உண்டு, ஆனால் அங்கே அது ஆறு வரும் பக்கம்! மராத்தியிலும் 'ள' இருக்கிறது, அதற்காக அதைத் திராவிடத்தில் சேர்ப்போமா? சிச்சுவானின் முலி வட்டார மொழிகளைப் பார்த்து மொழியியலாளர் சிர்கோவா 2012-ல் எழுதியதும் இதுதான்: அக்கம்பக்கப் பழக்கம், ரத்த உறவு இல்லை.

வழிப்போக்கன்: முலியில் பிரின்மி பேசுபவர்கள் அரசுக் கணக்கில் திபெத்தியர். எல்லை தாண்டிப் பக்கத்து யுன்னான் மாகாணத்துக்குப் போனால் அவர்களே 'புமி' (Pumi) இனம். பட்டியல் போடுவது மொழியியலாளர் மட்டும் இல்லை!

குறிஞ்சி: சரி, அது வேறு கதை. ஆனால் டாங்குட்டை என்ன செய்வீர்கள்? 1227-ல் மங்கோலியர் அழித்த சி சியா அரசின் மொழி, ஏறத்தாழ 6,000 எழுத்து. செய்பவர் யார் என்பதைப் பொறுத்து அதில் வினையடியின் உயிரே மாறும். 2020-ல் ஷாக் (Jacques) உள்ளிட்ட நான்கு மொழியியலாளர்கள் அதை மேற்குக் கியால்ரோங் கிளைக்குள்ளேயே வைத்தார்கள். இந்த மாதிரிக் கோணல்களை யாரும் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவதில்லை.

சொல்லேர்: கியால்ரோங்கும் டாங்குட்டும் சொந்தம்தான், மறுக்கவில்லை. நமுயியை எந்தக் கயிற்றால் அங்கே கட்டுகிறீர்கள்?

குறிஞ்சி: எர்சுவும் தோசு என்ற மொழியும் நெருங்கிய உறவு என்று காட்டலாம். நமுயிக்கு... அந்த முன்னொட்டைத் தவிர என் கையில் இப்போது ஒன்றும் இல்லை.