ஞாயிறு வெருகல் போறமா இல்லையா

ரதி சித்தி: மாலாட பிள்ளையள் ரெண்டும் யானை பாக்கோணும் எண்டு நிக்குதுகள். ஞாயிறு வெருகல் பக்கம் போவமா? வான் ஆர் பிடிக்கிறது

கண்ணன்: ஓம் போவம்

சுகி: எத்தினை மணிக்கு

சிவம் பெரியப்பா: விடிய 5 மணிக்கு வெளிக்கிடோணும் வெயில் ஏறினா ஒரு குருவியும் நிக்காது. கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி வழி. மலைநாட்டில இருந்து 335 கிலோமீற்றர் ஓடி வாற மகாவலி எங்கட பக்கத்திலதான் பிரியுது, ஒண்டு கொட்டியாரக் குடாவில விழும் மற்றது வெருகல் ஆறாப் போகும், மழை விட்டாப் பிறகும் பள்ளக்காணி முழுக்க வில்லு வில்லா, குளம் மாதிரித் தண்ணி நிக்கும், புல்லும் நிக்கும், அதுக்குத்தான் யானை இறங்கிறது

சுகி: 5 மணியா ஐயோ

மாலா அக்கா: பெரியப்பா ஆத்தில குளிக்கலாமா

சிவம் பெரியப்பா: கால் வைக்கவே கூடாது. முதலை. கரையில வாயைப் பிளந்துகொண்டு கட்டை மாதிரிக் கிடக்கும், பசியில இல்லை, உடம்புச் சூட்டைத் தணிக்குது

கண்ணன்: அப்பப்பாட சைக்கிள் விழுந்த ஆறுதானே

சுகி: 😂

ரதி சித்தி: பெரியண்ணன்ட கையால நழுவினது

சிவம் பெரியப்பா: பொய். அப்ப பாலம் எங்க, கிண்ணியாவுக்கே 2009லதான் பாலம், வெருகல்ல பாதையில, அதுதான் ஆறு கடக்கிற மிதவையிலதான் ஏறிப் போறது. நான் ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான், பாதை ஆடினது, தம்பி பின்னால காரியரைப் பிடிக்காம எருமை முதுகில நிண்ட கொக்கை எண்ணிக்கொண்டு நிண்டவர்

அப்பா: 7 கொக்கு

ரதி சித்தி: வாற வழியில கிண்ணியாவில தயிர் வாங்குவம், ஆருக்கு எத்தினை சட்டி

சுகி: 2

கண்ணன்: எங்களுக்கு 3, அம்மா சொன்னவ

மாலா அக்கா: கொம்பு யானை வருமா எண்டு சின்னவன் கேக்கிறான்

சிவம் பெரியப்பா: எங்கட நாட்டில நூறு ஆண் யானையில பத்துக்குக்கூடக் கொம்பு இல்லை, பாத்தா அதிர்ஷ்டம். கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம் பிள்ளை, வயல்காரர் வெடி போட்டுத் துரத்தின யானை மனுசர் வாசம் பட்டாலே திரும்பும்

மாலா அக்கா: அப்ப போகத்தான் வேணுமா

ரதி சித்தி: ஐயோ வாவன், வானுக்குள்ள இருந்து பாக்கலாம்

அப்பா: 6 மணிக்கு வெளிக்கிடுவம்

சிவம் பெரியப்பா: 5

ரதி சித்தி: வான்காரனோட ஆர் கதைச்சது

கண்ணன்: சுகி எண்டு நினைச்சன்

சுகி: எனக்கு 3 சட்டி, 2 இல்லை

சிவம் பெரியப்பா: (குரல் பதிவு 4:12)

அப்பா: அந்த றலி சைக்கிளுக்குக் காரியரே இல்லை