ஃபிஞ்சா, மாக்கிங்பேர்டா? டார்வினைத் திருப்பியது எது?

கரைவலை:
பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளில் ஃபிஞ்ச் குருவிகளின் அலகைப் பார்த்ததுமே டார்வினுக்குப் பரிணாமம் பிடிபட்டது என்று பாடங்களில் இன்னும் எழுதுகிறார்கள். 1835 செப்டம்பர், அக்டோபரில் அவர் அங்கிருந்தது ஐந்து வாரம். இறங்கியது நான்கு தீவுகளில். துப்பாக்கியால் சுட்டுச் சேகரித்த ஃபிஞ்ச்களில் சிலவற்றை வேறு குடும்பப் பறவை என்றே நினைத்தார். பெரும்பாலானவற்றின் அடையாளச் சீட்டில் தீவின் பெயரே இல்லை. அவரை யோசிக்க வைத்தது, பிற பறவைகளின் குரலைப் போலச் செய்யும் வகையைச் சேர்ந்த மாக்கிங்பேர்ட்.

விதைகொத்தி:
ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 1837 ஜனவரியில் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட், பதப்படுத்தி வைத்த அந்த ஃபிஞ்ச் தோல்களைப் பார்த்து, எல்லாமே நெருங்கிய உறவுள்ள ஒரே கூட்டம் என்று சொன்னார். தம் பயணநூலின் 1845 பதிப்பில், ஒரே இனம் பல தேவைகளுக்கேற்ப மாறியதாகக் கற்பனை செய்யத் தோன்றுகிறது என்று டார்வின் எழுதியது இந்த ஃபிஞ்சைப் பற்றித்தானே?

கரைவலை:
1845 ரொம்பப் பிந்தியது. ஓர் உயிரினம் வேறோர் இனமாக மாறுவது பற்றிய குறிப்பேட்டை 1837-லேயே தொடங்கிவிட்டார். அதற்கும் முன்னால், 1836-ல் கப்பலில் ஊர் திரும்பும்போதே, மாக்கிங்பேர்ட் தீவுக்குத் தீவு வேறாக இருப்பதைக் குறித்து, இது மெய்யானால் இனங்கள் நிலையானவை என்ற கொள்கை ஆட்டம் காணும் என்று எழுதினார். எழுத முடிந்ததற்குக் காரணம், அந்தப் பறவைகளைத் தீவுவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். அவற்றில் மூன்று தனி இனங்கள் இருப்பதாகக் கூல்ட் 1837 பிப்ரவரி கடைசியில் சொன்னார்.

ஆழிமகன்:
ஃபிஞ்ச் எந்தத் தீவுடையது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாதா?

கரைவலை:
முயன்றார். கப்பலின் கப்டன் ஃபிட்ஸ்ராய், டார்வினின் உதவியாளர் கோவிங்டன், கப்டனின் பணியாளர் ஃபுல்லர் ஆகியோர் சேர்த்தவற்றில் தீவுப் பெயர் இருந்தது. அதை வைத்துத் தம்முடையதற்கு ஊகித்தார். ஒரே இனம் பல தீவுகளில் வாழ்வதால் தோலை மட்டும் பார்த்து இடத்தைச் சொல்ல முடியாது. சுட்ட அன்றே சீட்டில் எழுதாவிட்டால் போனது போனதுதான். அவர் வெளியிட்ட சில இடங்கள் வெறும் ஊகம் என்று 1982-ல் அறிவியல் வரலாற்றாளர் ஃபிராங்க் சல்லோவே காட்டிவிட்டார்.

விதைகொத்தி:
சரி, வரலாறு அப்படி. ஆனால் இயற்கைத் தேர்வைக் கண்முன் காட்ட ஃபிஞ்சை விட்டால் வேறு என்ன? 1977 வறட்சியில் கலாபகோஸின் டாஃப்னி மேஜர் தீவில் சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்து, நெருஞ்சி போன்ற கடினமானவையே மிஞ்சின. நடுத்தரத் தரைஃபிஞ்ச் சுமார் 1,200-லிருந்து 180-ஆகக் குறைந்தது. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்பைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடியிருந்தது. அது குஞ்சுகளுக்கும் இறங்கியது.

கரைவலை:
அது பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதியின் உழைப்பு. இயற்கைத் தேர்வு பற்றிய பாடத்தில் தாராளமாக வையுங்கள். டார்வினின் பயணப் பாடத்தில் மூன்று மாக்கிங்பேர்டையும் நான்கு தீவுகளின் வரைபடத்தையும் போடுங்கள். கலாபகோஸின் எஸ்பான்யோலா தீவுக்கு அவர் போகவே இல்லை; நான்காவது மாக்கிங்பேர்ட் இனம் அங்கேதான் இருக்கிறது.