பழைய வீட்டு வயரிங்: முழுவதும் மாற்றணுமா?

தாத்தா கட்டிய வீடு. சுவிட்ச் போர்டைக் கழற்றினால் துணி சுற்றிய ரப்பர் வயர், தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறது, எர்த் வயரே இல்லை. அயர்ன் பாக்ஸ் போட்டால் விளக்கு மங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாமா?

பதில் 1: டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள் சார், சுவருக்குள் இருக்கும் வயரும் அதே வயசுதான். முழுவதும் மாற்றுங்கள். பொதுவாக விளக்குக்கு 1.5, ப்ளக் பாயிண்டுக்கு 2.5, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எல்லாவற்றுக்கும் எர்த்தோடு.

பதில் 2: பணம் இடிக்கிறது என்றால் முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். பழைய வயரில் கசிவு இருந்தால் அடிக்கடி டிரிப் ஆகும், அதற்காகத் தயவுசெய்து அதைக் கழற்றிவிடாதீர்கள், எந்த லைன் என்று எலக்ட்ரீஷியனை மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3: அப்புறம், ஃபியூஸ் போகிறதே என்று தடித்த கம்பி கட்டாதீர்கள். ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும்.