அரிசி அளவு பேஸ்ட் என்றால் எந்த அரிசி?

தாண்டிக்குடி அக்கா: நேற்று இங்கே மேல்மலையான் அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பால் பல் விழப்போகிற பல்தானே, மூன்று வயது வரை பேஸ்ட் எதற்கு? மலைத்தேனை ஈறில் தடவினால் போதும்" என்றாராம். அண்ணே, ஒரு வயதுக்குள் குழந்தை வாயில் தேனே வைக்கக் கூடாது. அதிலிருக்கும் கிருமி வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்தால் கை கால் துவண்டு, மூச்சுக்கே ஆபத்து. அப்புறம், விழப்போகிற பல் என்கிறீர்களே, கடைவாய்ப் பால் பல் விழ 10, 12 வயதாகும். அதுவரை பிள்ளை எதை வைத்து மெல்லும்? முதல் பல் எட்டிப் பார்த்ததுமே ஃபுளோரைடு பேஸ்ட்டை அரிசி அளவு வைத்து, காலையிலும் ராத்திரியும் தேய்த்துவிட வேண்டும்.

மேல்மலையான்: அரிசி அளவு. சரி. எந்த அரிசி? சீரகச் சம்பாவா, பாஸ்மதியா, ரேஷன் அரிசியா?

தாண்டிக்குடி அக்கா: ஏதோ ஓர் அரிசி! பிரஷ்ஷில் லேசாகப் பூசினாற்போல இருந்தால் சரி. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. எச்சில் துப்பத் தெரியாத பிள்ளை விழுங்கிவிடும் என்றுதான் இவ்வளவு கொஞ்சம்.

மேல்மலையான்: "ஏதோ ஓர் அரிசி." குறித்துக்கொள்ளுங்கள் மக்களே. இப்போது பட்டாணி வேறு. காய்ந்த பட்டாணியா, எங்கள் மன்னவனூர்ப் பச்சைப் பட்டாணியா? உங்கள் தாண்டிக்குடிப் பக்கம், கீழ்மலையில் காபியும் மிளகும்தானே விளையும், பட்டாணியை எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள்.

கணக்கு வாத்தியார்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அரிசி அளவுப் பூச்சு என்று சொல்வது சுமார் 0.1 கிராம் பேஸ்ட். 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டில் அது 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. ஆனால் வீட்டில் ரேஷன் அரிசி நூறு மணி எண்ணி நிறுத்தேன். இரண்டு கிராம் வந்தது. ஆக ஒரு மணி 0.02 கிராம்தான்.

மேல்மலையான்: பார்த்தீர்களா! ஐந்து மடங்கு வித்தியாசம். வாத்தியாரே ஒப்புக்கொண்டார்.

கணக்கு வாத்தியார்: நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அது பார்வைக்குச் சொல்லும் அளவு, எடை இல்லை.

பெருமாள்மலை அம்மா: பையனுக்கு ஒன்றேமுக்கால் வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாக இருந்தது. இப்போது ஒரு பல்லில் பழுப்பாகி, ஓரம் வெல்லம் மாதிரி உதிர்கிறது. குளிருக்கு ராத்திரி மூன்று தடவை எழுவான். சர்க்கரை போட்ட பால் புட்டியைக் கம்பளிக்குள்ளேயே வைத்திருந்து கொடுப்பேன். அதனாலா?

குன்னூர்க்காரன்: இந்த அரிசிச் சண்டை எல்லாம் கொடைக்கானலில்தான் நடக்கும். எங்கள் நீலகிரியில் பிள்ளைக்கு வர்க்கி பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கொடுத்து வளர்த்தோம். பல் எல்லாம் வைரம்.

மேல்மலையான்: வர்க்கி பல் இடுக்கில் அப்பிக்கொள்ளும் தம்பி. போன வருடம் ஊட்டிப் பூண்டு, கொடைப் பூண்டு விவாதத்தில் பாதியில் ஓடினவர் நீங்கள்தானே? எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு. மறக்க வேண்டாம்.

குன்னூர்க்காரன்: ஓடவில்லை. டவர் இல்லை.

தாண்டிக்குடி அக்கா: பெருமாள்மலைத் தங்கச்சி, அந்தப் புட்டிதான் காரணமாக இருக்கும். தூக்கத்தில் எச்சில் குறைவு, சர்க்கரைப் பால் பல்லிலேயே தங்கிப் புளித்து அரிக்கும். ராத்திரிப் புட்டியை நிறுத்தப் பார். அவசியம் என்றால் வெறும் தண்ணீர். தாமதிக்காமல் பல் டாக்டரிடம் காட்டு. முதல் பிறந்த நாளுக்குள்ளேயே ஒரு தடவை காட்டியிருக்க வேண்டும். தை மாதக் குழாய்த் தண்ணீரில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது, பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துக்கொள்.

மேல்மலையான்: ஊருக்கு வைத்தியம் சொல்கிறார், என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எந்த அரிசி? தர்மபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள், தண்ணீரில் ஃபுளோரைடு மிஞ்சிப் பல்லெல்லாம் காவி. அதையே காசு கொடுத்து வாங்கிப் பிள்ளை வாயில் வைக்கச் சொல்கிறார்.

கணக்கு வாத்தியார்: அது நாள் முழுக்கக் குடிக்கிற நிலத்தடி நீர். இது துடைத்துவிடுகிற துளி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மேல்மலையான்: துளியா, அரிசியா? முதலில் உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் அப்பத்தா வேப்பங்குச்சியில் தேய்த்து எண்பது வயதில் முறுக்குக் கடித்தார்.

தாண்டிக்குடி அக்கா: அப்பத்தா காலத்தில் ராத்திரிப் புட்டியும் இல்லை, பத்து ரூபாய் பிஸ்கட்டும் இல்லை. சரி, உங்கள் பேத்திக்கு ஆறு வயதுதானே? பால் பல் வரிசைக்குப் பின்னால், எதுவும் விழாமலேயே புதிதாக ஒரு கடைவாய்ப் பல் வந்திருக்கிறதா பாருங்கள். அது நிலைப் பல். பால் பல் என்று விட்டால் போனது போனதுதான்.

மேல்மலையான்: என் பேத்தியை இதில் இழுக்க வேண்டாம். அவள் பல்லைப் பற்றிப் பேச நீங்கள் யார்? கேட்டது அரிசி.

குன்னூர்க்காரன்: பொன்னி என்று வைத்துக்கொள்வோமா?

மேல்மலையான்: புழுங்கலா, பச்சையா?

பெருமாள்மலை அம்மா: அக்கா, நன்றி. நாளைக்கே பஸ் பிடிக்கிறேன்.

மேல்மலையான்: பொன்னிக்காரருக்கு ஒன்று. டவர் இருக்கும்போதே பூண்டுக்கும் பதில் சொல்லிவிடும்.