2010 போர்தோ ஒயின்: இன்னும் காயா, வெம்பிவிட்டதா?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அன்பர்களுக்கு வணக்கம். பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் சான் ஜூலியன் என்னும் ஊரில் 2010ஆம் ஆண்டு விளைந்த சிவப்பு ஒயின் மூன்று புட்டிகளை என் பெரியப்பா எனக்குக் கொடுத்திருந்தார். அவர் வீட்டில் அவை ஒயினுக்கென்றே உள்ள குளிர்ப்பெட்டியில் இருந்தன. என் வீட்டிலோ ஒன்றரை ஆண்டாகச் சமையலறை அலமாரியில் இருக்கின்றன. சென்ற சனிக்கிழமை ஒன்றைத் திறந்து, ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு அருந்தினோம். நெருப்பாக எரிந்தது, பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் ஈறெல்லாம் இறுகிப் போயிற்று. இத்தனை ஆண்டு ஆன ஒயின் பட்டுப்போல் இறங்கும் என்று எண்ணியிருந்தேன். கெட்டுவிட்டது என்கிறார் என் மனைவி. பாதிப் புட்டியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கெட்டுப்போன ஒயினையும் இன்னும் பக்குவம் வராத ஒயினையும் நாக்கு எவ்வாறு பிரித்தறியும்?

பினாங்குக்காரர், ஜார்ஜ் டவுன்

தம்பி, அந்தப் பாதிப் புட்டியைக் கொட்டிவிடாமல் வைத்தது நல்லதாயிற்று. விடுதி உணவகத்தில் பல ஆண்டு ஒயின் பரிமாறியவன் என்ற முறையில் சொல்கிறேன்: துவர்ப்பு மட்டும் ஒரு ஒயின் கெட்டதற்குச் சான்று ஆகாது. சான் ஜூலியன் ஒயினில் பெரும்பங்கு கேபர்னே சோவின்யோன் திராட்சையே. அது தோல் தடித்த சிறிய பழம். அந்தத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்தான் உங்கள் ஈறைப் பிடித்தது. 2010இல் அங்கே கோடை வறண்டும் இரவுகள் குளிர்ந்தும் இருந்தமையால், டானினும் புளிப்பும் ஒருசேர மிகுந்தன. முந்தைய 2009 சீக்கிரமே இனித்து வந்தது. 2010 முரட்டுப் பிள்ளை, பொறுத்துத்தான் பழக வேண்டும்.

இனி, சுவைத்துப் பார்க்கும் முறை. குவளையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து, விளிம்பைப் பாருங்கள். நடுவில் அடர்ந்த மாதுளை நிறமும் விளிம்பில் இலேசான செங்கல் நிறமும் இருந்தால் வயதுக்கு ஏற்ற நிறம்தான். முழுவதும் பழுப்பாக மங்கியிருந்தால் கவலைப்பட வேண்டும். குவளையைச் சுழற்றுவதற்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் முகருங்கள். ஈரமான அட்டைப்பெட்டியின் நாற்றம் அடித்தால் அது கார்க்கின் குற்றம். எத்தனை ஆண்டு வைத்தாலும் தீராது.

பிறகு ஒரு வாய் எடுத்து, பத்து நொடியாவது வாயில் வைத்திருங்கள். எத்தனை துவர்ப்பு என்பதை விட, அது எப்படிப்பட்ட துவர்ப்பு என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நன்றாக அரைபட்ட உளுந்து மாவும் நாக்கில் ஒட்டும், நொய்யாக நின்ற மாவும் ஒட்டும், இரண்டும் ஒன்றா? நல்ல டானின் நைசாக, வாய் முழுதும் சமமாகப் பரவும். அந்தத் துவர்ப்புக்கு அடியில், நாக்கின் நடுவில், பழச்சுவை நிற்கிறதா என்று தேடுங்கள். விழுங்கிய பின் எஞ்சுவது பழமா, வெறும் வறட்சியா என்று பாருங்கள். பழம் நின்றால் அது காய், கனியும். பழம் போய்த் துவர்ப்பு மட்டும் நின்றால், இன்னும் பத்தாண்டு வைத்தாலும் துவர்ப்புதான் மிஞ்சும்.

பங்சார் அக்கா, கோலாலம்பூர்

ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அலமாரியில் கழிந்த அந்த ஒன்றரை ஆண்டை அவர் எளிதாக விட்டுவிட்டார். ஒயினை 12 முதல் 14 டிகிரியில், படுக்கை வசமாக, ஆட்டம் அசைவு இல்லாமல் வைக்க வேண்டும். நம் ஊர் வீட்டில் பகலில் 30 டிகிரிக்குக் குறைவது அரிது. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியைச் சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஒயின் கனிவதில்லை, வெம்புகிறது. வெம்பிய மாம்பழம் வெளியே பழுத்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே சுவை இருக்காது அல்லவா, அதுபோலத்தான். புதுப்பழ மணம் போய், கொதித்த பழப்பாகின் மணம் வரும். மீதிப் புட்டிகளின் கார்க் மேலே தள்ளியிருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பு உண்டா என்று இன்றே பாருங்கள்.

சனிக்கிழமை நீங்கள் செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்று நூல்களில் எழுதியிருப்பது ஐரோப்பிய வீட்டின் அறையை, அதாவது 16 முதல் 18 டிகிரியை. நம் அறைச் சூட்டில் சாராய நெடிதான் முந்தி வரும். ஆகவே பரிமாறும் முன் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்து, மிளகாய்க் காரம் டானினையும் எரிச்சலையும் கூட்டிக் காட்டும். உப்பும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும் என்பதால், ஆட்டிறைச்சியே செய்தாலும் மிளகாயைக் குறைத்துச் சமையுங்கள். ஒயினை மதிப்பிடும் முதல் வாயை மட்டும் வெறும் வயிற்றோடு, வெறும் நாக்கோடு எடுங்கள்.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. பாதிப் புட்டியை நேற்றிரவு வெளியே எடுத்து, சற்று நேரம் வைத்து, 18 டிகிரி அளவில் ஊற்றினேன். மூன்று நாள் கழிந்தும் அது சாகவில்லை. சிறுவயதில் குடித்த ரிபீனா பழபானத்தின் மணம் முதலில் எழுந்தது; சுழற்றியதும், புதிதாகச் சீவிய பென்சிலின் மரவாசம். துவர்ப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் மாவுபோல் பரவுகிறது. விழுங்கிய பின் அரை நிமிடம் வரை பழம் நின்றது. பழப்பாகின் சாயல் எனக்குத் தெரியவில்லை. என் மனைவியும் ஒரு வாய் எடுத்துவிட்டு, தம் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

புட்டிகளையும் பார்த்தேன். ஒன்றில் குறை எதுவும் தெரியவில்லை. மற்றொன்றின் மூடித்தாளைப் பிரித்தபோது கார்க் மயிரிழை மேலே நிற்கிறது, ஓரத்தில் காய்ந்த சிவப்புக் கறை.

பினாங்குக்காரர், ஜார்ஜ் டவுன்

கசிந்ததை வைத்துக் காத்திருக்க வேண்டாம், தம்பி. இந்த வாரமே நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விடுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். பிறகு கைவிளக்கைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்து, வண்டல் கழுத்தை எட்டும்வரை மெல்லச் சாய்த்து ஊற்றிக் குடித்துவிடுங்கள். குறையில்லாத புட்டியை உங்கள் பெரியப்பாவிடமே கொடுத்து, அவருடைய குளிர்ப்பெட்டியில் மறுபடி படுக்க வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாண்டு கழித்து அவரோடு உட்கார்ந்து திறக்கலாம்.