முகமூடி கழலும் காட்சி: எந்தப் பக்கத்தில் வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. 22 பக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்றில் சிக்கல். அனுபவமுள்ளவர்கள் கைகொடுங்கள்.

இப்போதைய அமைப்பு: 1-4 வில்லன் பாலத்தைத் தகர்க்கிறான். 5-8 காதலியோடு சந்திப்பு, நாயகன் பாதியில் நழுவுகிறான். 9-14 சண்டை. 15-ஆம் பக்கத்தில் முகமூடி கழன்று, நாயகன் யார் என்ற உண்மை அவளுக்குத் தெரிகிறது. அச்சில் 15 வலதுபக்கம். 14-ஐப் படிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும், அதிர்ச்சி போச்சு. இரட்டைப்படைப் பக்கத்துக்குத் தள்ளினால் தாளைப் புரட்டினால்தான் தெரியும். ஆனால் 16-க்குத் தள்ள சண்டையை ஒரு பக்கம் நீட்ட வேண்டும்; 14-க்கு இழுத்தால் பாலம் இடியும் முழுப்பக்கப் படம் போய்விடும். எதை விடலாம்?

அதைவிடப் பெரிய தலைவலி, அவள் பத்திரிகையாளர். தினமும் கேட்கும் குரல் அடையாளம் தெரியவில்லை என்றால் வாசகர் அவளை மக்காகத்தான் பார்ப்பார். 1938-இல் சூப்பர்மேனும் பத்திரிகையாளர் லோயிஸ் லேனும் அறிமுகமான காலத்தில் அவளிடம் அடையாளத்தை மறைக்க அவனுக்கு மூக்குக்கண்ணாடி போதும், இன்று எடுபடாது. அதனால் 7-ஆம் பக்கத்தில் ஒரு சின்ன கட்டம் வைத்திருக்கிறேன்: அவன் சட்டைக்கை நுனியில் சிமெண்ட் தூசி, அவள் பார்வை அதில். வசனம் கிடையாது. அவளுக்கு முன்பே சந்தேகம் இருந்தது என்பதற்கு இந்த ஒரு தடயம் போதுமா, இன்னொன்று வேண்டுமா?

கடைசியாக, முகமூடியில் கண் வெறும் வெள்ளை. காதல் வசனத்தின்போது முகபாவமே வரவில்லை. தோள், கைவிரல் வைத்துச் சமாளித்தவர்கள் மாதிரிக் கட்டம் இருந்தால் போடுங்கள்.