லோயெசுக்குத் தமிழ், வெள்ளிக்கிழமைக்குள்

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் புவியியல் வழிகாட்டி ஒன்று, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். சீனாவின் லோயெசு மேட்டுநிலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்மண், சில இடங்களில் 300 மீற்றருக்கு மேல் தடிப்பு, ஏறக்குறைய 26 இலட்சம் ஆண்டுக் காலநிலை அதற்குள் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இந்த லோயெசு (loess) மண்ணைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'காற்றடி வண்டல்' என்கிறது. போடலாமா?

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வேண்டாம் தம்பி. வண்டல் நீர் ஒதுக்கியது. காற்று எப்படி வண்டல் இடும்? காற்றுக் குவித்த மண்மேட்டுக்குத் 'தேரி' என்று நல்ல சொல் இருக்க, ஏன் கடன்?

தெஹிவளை, மண்ணியல் படித்தவர்:
ஐயா, தேரி மணல். விரலிடையில் தேய்த்தால் நறநறக்கும். லோயெசுத் துகள் பெரும்பாலும் 0.06 மில்லிமீற்றருக்கும் சிறியது, கோதுமை மாவைத் தொட்ட மாதிரி இருக்கும். எனக்கு அதைவிடப் பெரிய கரைச்சல் 'வானிலையாலழிதல்', அதாவது பாறையும் மண்ணும் வெயிலிலும் மழையிலும் சிதைவதற்கு (weathering) நாங்கள் வழங்கும் சொல். இந்த மண்ணில் அழிந்ததை மட்டும் பார்த்தால் போதாது, விளைந்ததைப் பார்த்துத்தான் பழைய காலநிலையைச் சொல்கிறார்கள். குளிர்ந்து வறண்ட காலத்து அடுக்கில் இல்லைற்று (illite), குளோரைற்று (chlorite) என்ற களிக் கனிமங்கள் வந்தபடியே கிடக்கும். கோடைப் பருவக்காற்று வலுத்து மழை கூடினால் முதலில் குலைவது குளோரைற்று. அது வேமிக்கியூலைற்று, சிமெக்ரைற்று என்ற வேறு களிக் கனிமங்களாக மாறும். சுண்ணாம்பு கரைந்து கீழே இறங்கிக் கட்டிபடும், மேலே செம்பழுப்பு மண் உருவாகும்.

ஆனபடியால் 'வந்த களி', 'விளைந்த களி' என்று இரண்டு சொல் வேண்டும். பொரலஸ்கமுவையில் வெட்டுகிற கயோலின் என்ற வெண்களி அங்கேயே பாறை உக்கி உண்டானது. லோயெசில் உள்ள கயோலினைற்றோ (கயோலினின் முக்கிய கனிமம், மழை மிகுந்த இடத்தில் விளைவது) பெரும்பாலும் தூசியோடு பறந்து வந்தது. இதைப் பிரிக்காவிட்டால், கயோலினைற்றைக் கண்ட பிள்ளை 'இங்கே பெருமழை' என்று எழுதிவிட்டு வரும்.

பம்பலப்பிட்டி, புவியியல் ரீச்சர்:
'உக்கி' என்று எழுதினீர்களே, அதையே வைத்தால் என்ன? பாறை உக்கல். வகுப்பில் விளக்கவே தேவையில்லை.

கொட்டாஞ்சேனை:
உக்கல் என்றால் கறையான் தின்ற பலகைதான் கண்முன் வரும்.

ரீச்சர்:
வரட்டும் ஐயா. கல்லும் அப்படித்தான் உதிருகிறது.

கொட்டாஞ்சேனை (மறுநாள் காலை):
இரவு நித்திரை இல்லை. சங்கப் பாட்டுகளில் சிறுமியர் மணலில் செய்து விளையாடும் பாவைக்கு வண்டற்பாவை என்று பெயர். அந்தச் சுண்ணாம்புக் கட்டிகளை ஜேர்மன்காரர் 'லோயெசுக் குழந்தை' என்கிறார்களாம், பார்த்தால் பொம்மை மாதிரியே இருக்குமாம். அவற்றுக்கு வண்டற்பாவை எவ்வளவு பொருத்தம்!

தெஹிவளை:
அப்படியென்றால் வண்டல் காற்றுமண்ணுக்கும் பொருந்துகிறதுதானே, ஐயா?

கொட்டாஞ்சேனை:
பாவைக்கு மட்டும்.

வத்தளை, புதிதாகச் சேர்ந்தவர்:
சீனர்களே அதை 'மஞ்சள் மண்' என்றுதான் சொல்கிறார்கள். நாங்களும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே?

தெஹிவளை:
இடையிடையே சிவந்த பழமண் அடுக்கு, அதாவது பழைய மழைக்காலங்களில் உருவாகிப் புதைந்த மண், வரும். அப்போது என்ன சொல்வீர்கள்? நிறத்தை நம்ப வேண்டாம்.

வெள்ளவத்தை (வியாழன் இரவு):
எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் 'லோயெசு', முதற் பந்தியில் ஒருமுறை 'காற்றடி வண்டல்'. 'வானிலையாலழிதல்' பரீட்சைத் தாளில் வருகிற சொல், அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. 'உக்கல்' விளக்கத்துக்குள் வரும். வந்த களியும் விளைந்த களியும் அப்படியே போகின்றன. வண்டற்பாவையைப் படத்தின் கீழே போட்டிருக்கிறேன் ஐயா.

கொட்டாஞ்சேனை:
படத்துக்கு நன்றி. காற்றடி வண்டலுக்கு என் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்பு எப்போது?